நான்கு இரும்புக்கு மூன்று காற்று

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், சார். இந்த நாற்காலி எனக்கு நன்றாக ஒத்துப்போகிறது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. நாற்காலி இந்த உயரத்தில் இருந்தால் கையை ஊன்றி எழுந்துவிடலாம். எங்கள் லேபில் இருப்பது குட்டை நாற்காலி. மாற்றித் தரச் சொல்லி இருபத்தாறு வருஷம் எழுதிப் போட்டேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வரிசையாகச் சொல்லுங்கள் என்கிறீர்கள். சந்தோஷம். எனக்கும் வரிசைதான் பிடிக்கும். என் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சமையலறை மேஜையில் உட்காரவைத்து நான்தான் வேதியியல் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். எது எதோடு சேருகிறது என்று முதலில் எழுது. பிறகு இரண்டு பக்கமும் சமன் செய். பிறகு எடையை மோலாக மாற்று. அதற்குப் பிறகுதான் பெருக்கல். மோல் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, சார். முட்டையை டஜனில் எண்ணுகிற மாதிரி, கண்ணுக்குத் தெரியாத துகள்களை எண்ணுவதற்கு ஓர் அளவு. அவ்வளவுதான். ஆனால் அந்தப் படியைத் தாண்டிக் குதித்து, எடையை எடையோடு நேராகப் பெருக்குகிற பிள்ளைகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் வேலை பார்த்தது கம்பி இழுக்கும் தொழிற்சாலை. உங்களுக்குத் தெரியும், நேற்று முழுக்க அங்கேதானே இருந்தீர்கள். கம்பியை அமிலத்தில் கழுவி, தண்ணீரில் அலசி, பிறகு இழுப்பார்கள். அமிலத்தின் பலம், கழிவு நீரின் தன்மை, டேங்குக்குள் ஆள் இறங்கலாமா கூடாதா, எல்லாவற்றுக்கும் லேபிலிருந்து ஒரு தாள் போக வேண்டும். லேப் என்றால் நான் ஒருத்திதான். அறைக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் நான்காம் டேங்கின் இரும்புச் சுவர். கையை நீட்டினால் தொடலாம். காற்றும் வராது, வெளிச்சமும் வராது. காலையில் வந்து ஜன்னலைத் திறப்பேன், துரு நிறத்தைப் பார்ப்பேன், மூடிவிடுவேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தவறு நடந்தது. கழிவு அமிலம் வந்து நிற்கும் குழியில் சலவை சோடாவைக் கொட்டி அமிலத்தை அடக்கிய பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். எத்தனை கிலோ சோடா என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. அந்த மாதம் கடைக்காரர் தூள் சோடாவுக்குப் பதிலாகப் படிக சோடாவை அனுப்பியிருந்தார். இரண்டும் வெள்ளைதான். ஆனால் படிகத்தில் ஒவ்வொரு சோடாத் துகளோடும் பத்துத் தண்ணீர்த் துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு மோலின் எடை தூளுக்கு நூற்றாறு கிராம் என்று வைத்துப் பெருக்க வேண்டிய இடத்தில், படிகத்துக்கு இருநூற்று எண்பத்தாறு. மூட்டையில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. நான் மூட்டையைப் பார்க்கவில்லை. நூற்றாறு என்றே போட்டுவிட்டேன்.

அதாவது நூறு கிலோ சோடா போக வேண்டிய குழிக்கு முப்பத்தேழு கிலோதான் போனது. மீதி அறுபத்து மூன்றும் தண்ணீர். அடைத்துக்கொண்ட பம்பை எடுக்கப் பம்ப்காரர் உள்ளே இறங்கினார். பூட்ஸில் ஓட்டை இருந்திருக்கிறது. இரண்டு பாதமும் வெந்துவிட்டன. நான்கு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். இன்றைக்கும் இடது காலை இழுத்துத்தான் நடப்பார். லேப் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் கால் தரையில் தேய்கிற சத்தம் கேட்கும். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை தாண்டுவார்.

அன்று என் மேஜையிலிருந்த கணக்குத் தாளை ஃபோர்மேன்தான் முதலில் பார்த்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், அப்போதுதான் அந்தப் பதவிக்கு வந்திருந்தான். கணக்கு தெரிந்தவன். நூற்றாறில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"விடுங்க அக்கா, நான் பாத்துக்கறேன்" என்றான்.

பார்த்துக்கொண்டான். விசாரணையில், மூட்டைகளை எண்ணிப் போட்டதில் தன் மேல்தான் தப்பு என்று சொல்லிவிட்டான். அவனுக்கு மூன்று வருஷம் பதவி உயர்வு இல்லை என்று எழுதினார்கள். வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டான். நானும் வாயைத் திறக்கவில்லை. புருஷன் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, பெண் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

நீங்களே சொல்லுங்கள் சார், உலகத்தில் எவனாவது சும்மா அப்படிச் செய்வானா? கூடப் பிறந்தவனா, கொண்டவனா? எனக்கு மூக்கணாங்கயிறு போட்டிருக்கிறான் என்று அன்றைக்கே புரிந்துவிட்டது. எப்போது இழுப்பான் என்பதுதான் தெரியவில்லை.

அவன் இழுக்கவே இல்லை. அதுதான் அவனுடைய சாமர்த்தியம். பதினோரு வருஷமும் சிரித்த முகம். காலையில் வரும்போது லேப் வாசலில் நின்று, "அக்கா, டீ சொல்லவா?" என்பான். நான் வேண்டாம் என்பேன். டீ வரும். ஏதாவது நன்றி சொல்லப்போனால், "நமக்குள்ள என்ன அக்கா" என்பான். அந்த 'நமக்குள்ள' என்ற சொல் எனக்கு மட்டும் எப்படிக் கேட்கும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? நமக்குள் இருந்தது ஒரே ஒரு தாள்தான்.

டேங்கில் ஆள் இறங்குவதற்கு முன் லேப்காரர்தான் ஏணியில் ஏறி, உள்ளே இருக்கும் காற்றை மீட்டரில் அளக்க வேண்டும். விதி அது. நல்ல காற்றில் ஆக்ஸிஜன் நூற்றுக்கு இருபது புள்ளி ஒன்பது இருக்கும். அப்படி இருந்தால் உள்ளே காற்றை ஊதும் விசிறி எதுவும் வைக்காமலே இறங்கலாம் என்பது எங்கள் இடத்து வழக்கம். என் முட்டி கெட்ட பிறகு அவன், "நீங்க ஏற வேணாம் அக்கா, மீட்டரைக் குடுங்க" என்று தானே ஏறி அளந்து வந்து எண்ணைச் சொல்வான். நான் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். யோசித்துப் பாருங்கள். பார்க்காத எண்ணுக்குக் கீழே என் கையெழுத்து, வருஷக்கணக்காக. ஒரு தாள் போதாதென்று இன்னும் எத்தனை தாளில் என்னைக் கட்டிப்போட்டான். நான் கொடுக்கும் சான்றிதழை மடித்து அதே சட்டைப் பையில் வைத்து, மேலே இரண்டு தட்டுத் தட்டுவான். "உங்க கையெழுத்து பையில இருந்தாத்தான் அக்கா எனக்குத் தைரியம்" என்பான். பம்ப்காரர்கூடச் சிரிப்பார். எனக்கு அந்தப் பையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

வீட்டுக்குப் போனாலும் விடாது. குழம்பு கொதிக்கும்போது நினைப்பு வரும். துணி மடிக்கும்போது, ஒரு சட்டையை நாலாக மடித்தால்கூட வரும். வேறு வேலைக்குப் போய்விடலாம் என்று இரண்டு முறை விண்ணப்பம் எழுதினேன். போனால் தாளை எடுத்து நீட்டிவிடுவானே என்று கிழித்துப் போட்டேன். அடுத்த வருஷம் ஓய்வு. அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டால் இந்தக் கிடுக்கியிலிருந்து தப்பித்துவிடலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவன் லேப் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, பாப்பா விஷயமா மேனேஜர்கிட்ட பேசிட்டேன். நீங்க போனதும் இந்த நாற்காலி அவளுக்குத்தான். குட்டை நாற்காலி வேணாம், புதுசு வாங்கித் தரச் சொல்லிட்டேன், போதுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அப்படியே சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மகளுடைய முழுப் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். அந்தப் பையிலிருந்து.

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டேன். "மாமாகிட்ட நான்தாம்மா கேட்டேன்" என்றாள். "ஒரு வருஷமா வேலை தேடி அலையறேன். மாமா எவ்ளோ நல்லவரு. நீ ஏம்மா அவரைக் கண்டா மூஞ்சியத் தூக்கிக்கிற?" அவள் கேட்டாளாம். அவளைக் கேட்க வைத்திருப்பான். பெண்ணுக்கு என்ன தெரியும்? முதல் நாளே அவளும் பார்க்காத எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போடுவாள். பிறகு ஜன்னலைத் திறந்து துருவைப் பார்ப்பாள். நான் சகித்துக்கொண்டது போதும். அவளாவது வெளியே இருக்க வேண்டும். இதற்காகத்தான் செய்தேன் என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் டேங்கைப் பற்றி இனிச் சொல்லலாம். எட்டு மாதத்துக்கு முன் அதிலிருந்த தண்ணீரைக் காலி செய்து, ஈரம் காயாமலே மூடியை முடுக்கிவிட்டார்கள். உள்ளே பூச்சு எல்லாம் உரிந்துபோய் வெறும் இரும்பு. ஈரமும் காற்றும் இரும்பும் ஒன்றாக அடைபட்டுக் கிடந்தால் என்ன செய்யும்? துருப்பிடிக்கும். துரு என்பது இரும்பு காற்றைத் தின்பதுதான். நான்கு இரும்புக்கு மூன்று ஆக்ஸிஜன். பத்தாவது படிக்கிற பிள்ளைக்குத் தெரிந்த சமன்பாடு.

பென்சிலால் போட்டுப் பார்த்தேன். டேங்க் அறுபதாயிரம் லிட்டர். அதில் ஆக்ஸிஜன் நூற்றுக்கு இருபத்தொன்று, பன்னிரண்டாயிரத்து அறுநூறு லிட்டர். ஒரு மோலுக்கு இருபத்திரண்டு புள்ளி நான்கு லிட்டர் என்று வகுத்தால் ஐந்நூற்று அறுபத்திரண்டரை மோல். மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் இரும்பு எழுநூற்று ஐம்பது மோல். ஒரு மோல் இரும்பின் எடையான ஐம்பத்தாறால் பெருக்கினால் நாற்பத்திரண்டாயிரம் கிராம், அதாவது சரியாக நாற்பத்திரண்டு கிலோ. பின்னம் இல்லை, மிச்சம் இல்லை. இவ்வளவு சுத்தமாக முடிகிற கணக்கு பாடப் புத்தகத்தில்கூட அபூர்வம்.

நாற்பத்திரண்டு கிலோ இரும்பு என்றால் நிறைய மாதிரித் தெரியும். டேங்கின் உள்சுவர் முழுக்கப் பரப்பிப் பார்த்தால் ஒரு தலைமுடியின் கனம்கூட வராது. சுவரோ விரல் கனம். இரண்டு பொருள் சேரும்போது எது முதலில் தீர்கிறதோ அதுதான் வினையை நிறுத்தும் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இங்கே இரும்பு தீராது. காற்றுதான் தீரும். அந்தத் தாளை என் இழுப்பறையிலேயே வைத்திருந்தேன், நீங்கள் எடுத்துவிட்டீர்கள். செய்முறையைக் கிழித்துப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

போன வாரம் மேனேஜர் நான்காம் டேங்கைத் திறந்து சுத்தம் செய்யச் சொன்னார். முந்தாநாள் சாயங்காலமே மூடியின் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டார்கள், மூடியை எடுக்கவில்லை. நேற்று காலையில் ஆட்கள் வருவதற்கு முன் நான் வந்துவிட்டேன். மீட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளி ஏணியில் ஏறினேன். இருபத்திரண்டு படி. ஒவ்வொரு படிக்கும் முட்டி உயிரை எடுத்தது. கணக்கு சொன்னால் போதாது, அளந்து பார்க்க வேண்டும் என்பது தொழில் தர்மம். மூடியிலிருக்கும் சின்னக் குழாய் வழியாக மீட்டரின் ரப்பர்க் குழலை உள்ளே விட்டேன். ஐந்து புள்ளி எட்டு காட்டியது.

முழுவதும் தீர்ந்திருக்கவில்லை. கணக்கு சொல்வது அதிகபட்சம், நிஜத்தில் எப்போதும் கொஞ்சம் குறையும். இருபது புள்ளி ஒன்பதில் பதினைந்து புள்ளி ஒன்று போயிருந்தது. எழுபத்திரண்டு சதவீதம். இந்த மாதிரி வினைக்கு நல்ல விளைச்சல்தான். ஐந்து புள்ளி எட்டில் மனிதனுக்கு மூச்சுத் திணறாது, நாற்றம் வராது, எதுவும் தெரியாது. சில மூச்சு, அவ்வளவுதான்.

கீழே இறங்கி வந்து சான்றிதழில் இருபது புள்ளி ஒன்பது என்று எழுதினேன். அவனிடம் கொடுத்தேன்.

"மீட்டரை நான் எடுத்துட்டுப் போறேன்னு சொன்னேனே அக்கா?"

"வேண்டாம். நானே ஏறிப் பார்த்துட்டேன்" என்றேன்.

அவன் என் காலைப் பார்த்தான். "இந்த முட்டியோடவா? இருபத்திரண்டு படியா?" கண் ஓரம் ஈரமான மாதிரி இருந்தது, வெயில் கூச்சமாகவும் இருக்கலாம். "என்ன அக்கா நீங்க, எனக்குப் போய் இவ்ளோ கஷ்டப்பட்டு..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்து, இரண்டு தட்டுத் தட்டினான்.

அவனிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எந்த டேங்காக இருந்தாலும் முதல் ஆளாக அவன்தான் இறங்குவான். தன் ஆட்களை முன்னால் அனுப்ப மாட்டான். இது தொழிற்சாலை முழுக்கத் தெரியும். இதையும் கணக்கில் சேர்த்துத்தான் வைத்திருந்தேன். வேறு யாருக்கும் ஆபத்து வரக்கூடாது என்பதில் நான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு இருந்தேன்.

மேலே ஏறி மூடியைத் தள்ளினார்கள். பம்ப்காரர் வாயருகே காவலுக்கு நின்றார். நான் லேபுக்குப் போய் ஜன்னலைத் திறந்து, இரும்புச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். உள்ளே ஏணியில் அவன் கால் வைப்பது கையில் தெரிந்தது. டேங்குக்குள் இறங்கும்போது அவனுக்குச் சீட்டியடிக்கிற வழக்கம், எதிரொலிக்குமாம். அதுவும் கேட்டது. படிகளை எண்ணினேன். ஒன்பதாவது படியில் சீட்டி நின்றது. பிறகு சுவர் முழுக்க ஒரு முறை அதிர்ந்தது. அப்புறம் வெறும் இரும்பு.

பம்ப்காரர் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார். நான் வெளியே வந்து பார்க்கும்போது அவர் கெட்டுப்போன காலைத் தூக்கி டேங்கின் வாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அண்ணே, இறங்காதீங்க. உள்ள காத்து இல்ல" என்றேன்.

நீங்கள் என்னைப் பிடித்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான் என்று தெரியும். இருபது புள்ளி ஒன்பது என்று கையெழுத்துப் போட்டவளுக்கு உள்ளே காற்று இல்லை என்பது எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவரும் போயிருப்பார், நானும் வீட்டில் இருந்திருப்பேன். பதினோரு வருஷத்துக்கு முன் அவர் காலை எடுத்தேன், நேற்று உயிரைக் கொடுத்தேன். அந்தப் பக்கம் சமன் ஆகிவிட்டது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே, ஆம். நான்தான் அவனைக் கொன்றேன். தெரிந்து, யோசித்து, அளந்து பார்த்துச் செய்தேன். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் இன்று காலையில் நீங்கள் சொன்னதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு இறங்கியவர்கள் அவனை மேலே தூக்கி வந்தபோது பையில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது என்றீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காட்டினீர்கள். என் கையெழுத்து, இருபது புள்ளி ஒன்பது. அது சரி. பழைய தாள் எங்கே என்று கேட்டேன். அவன் மனைவியை விசாரித்ததாகச் சொன்னீர்கள். "அதையா? அன்னிக்கே கிழிச்சு அமிலக் குழியில போட்டுட்டேன்னு சொன்னாரே. அக்கா பாவம், பொண்ண வச்சுக்கிட்டு தனியா நிக்கிறாங்கன்னாரு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்ல" என்றாளாம்.

அவளுக்கு என்ன தெரியும், சார்? பொண்டாட்டியிடம் எல்லாவற்றையும் சொல்கிறவனா அவன்? வீட்டில் பார்த்தோம், பெட்டியில் பார்த்தோம், மேஜையில் பார்த்தோம், இல்லை என்கிறீர்கள். சரியாகத் தேடவில்லை. பதினோரு வருஷம் ஒரு மனுஷியைக் கட்டிவைத்திருந்த தாள் அப்படிக் காணாமல் போகாது. என் மகள் இன்னும் வந்து பார்க்கவில்லை. அவள் வருவதற்குள் அது கிடைத்துவிட வேண்டும், அவளுக்குக் காட்ட வேண்டும்.

இன்னொரு முறை தேடச் சொல்லுங்கள். நாலாக மடித்த தாள், ஓரத்தில் நூற்றாறு என்று நீல மையில் இருக்கும். இந்தச் சமன்பாட்டின் வலது பக்கத்தில் ஓர் ஆள் செத்துக் கிடக்கிறான், சார். இடது பக்கத்தில் அந்தத் தாளாவது இருந்தாக வேண்டும் அல்லவா?